ஒரே பைக், மூணு பேர், மூணு நியாயம்

முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி-யில இருந்து பிளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. ஒற்றுப் பிழை இருந்தா எடிட்டர் குழுவைத் திட்டுங்க. கருத்துல பிழை இருந்தா என்னைத் திட்டுங்க.

போன மாசம் ப்ராஜெக்ட் ரிவ்யூ அன்னைக்குக் காலேஜ் பஸ்ஸை விட்டுட்டேன். ராஜபாளையத்துல மதுரை பஸ் ஏறினேன். பக்கத்து சீட்ல என் ஸ்கூல் ஃப்ரெண்ட். கையில ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே மடிச்சு வெச்ச பேப்பர்.

"எங்கடா மாப்ள?"

"கோர்ட்டுக்கு. இன்னைக்கு வாய்தா."

"அது இன்னும் முடியலையா?"

அவன் சிரிச்சான். "நீ இன்ஜினியரிங்கே முடிக்கப் போற. இது இன்னும் சாட்சி விசாரணைக்கே வரல."

ஸ்ரீவில்லிபுத்தூர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வேற எதுவும் பேசல. அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர்ல எனக்குள்ள ஓடினதுதான் இந்தக் கட்டுரை.

அந்த ராத்திரி

மூணு வருஷம் முன்னாடி, பிளஸ் டூ முடிச்சுக் காலேஜ் சேர்ற இடைவெளி. நாங்க நாலு பேர். ஊர்த் திருவிழாவுல கச்சேரி பார்த்துட்டு நடந்து வர்றோம். ரோட்டோரம் ஒரு பைக், சாவி அதுலயே தொங்குது. "ஒரு ரவுண்டு போயிட்டு வந்து இங்கேயே விட்டுடலாம்டா"ன்னு ஒருத்தன் சொன்னான். யார் சொன்னதுன்னு இப்ப எனக்கு ஞாபகம் இல்ல. நானாகூட இருக்கலாம்.

நான் ஏறல. என்னோட நல்லொழுக்கம்னு நினைச்சுடாதீங்க. மூணு பேர் உட்கார்ந்ததுக்கு அப்புறம் நாலாவது ஆளுக்கு இடம் இல்ல, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிட்டேன்.

அவங்க அய்யனார் அருவிப் பக்கம் போயிருக்காங்க. பெட்ரோல் தீர்ந்திருக்கு. வண்டியை ஓரமாச் சாய்ச்சுட்டு நடந்தே வீட்டுக்கு வந்துட்டாங்க. மறுநாள் சிசிடிவி பார்த்து போலீஸ் வந்தது. எந்த ஸ்டேஷன், எந்த கோர்ட்டுங்கற விவரம் வேண்டாம். இது எந்த ஊர்லயும் நடக்கக்கூடியதுதான்.

மூணு பேருக்கும் என்ன ஆச்சுன்னு வரிசையாச் சொல்றேன்.

முதல் ஆளுக்கு 18 முடிய இன்னும் மூணு மாசம் இருந்தது. அவன் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போச்சு. அங்கே ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் ரெண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பாங்க. அப்பா அம்மாவையும் கூட உட்கார வெச்சுப் பேசினாங்க, திட்டினாங்க, கவுன்சலிங் அனுப்பினாங்க. சில மாசத்துல முடிஞ்சது. இப்ப கோயம்புத்தூர்ல படிக்கிறான்.

ரெண்டாவது ஆளுக்கு 18 முடிஞ்சிருந்தது. அவங்க அப்பாவுக்கு ஊர்ல நாலு பேரைத் தெரியும். அன்னைக்கு ராத்திரியே "பேசி முடிச்சாங்க". வீடியோவுல கடைசியா உட்கார்ந்திருந்தவன் முகம் சரியாத் தெரியலன்னு ஆயிடுச்சு. எஃப்.ஐ.ஆர்-ல அவன் பேரே இல்ல.

மூணாவது ஆளுக்கும் 18. அப்பா இல்ல. அம்மா சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யற இடத்துல வேலை. யாரைப் போய்ப் பார்க்கணும்னு அந்தம்மாவுக்குத் தெரியல. பன்னிரண்டு நாள் உள்ளே இருந்துட்டு ஜாமீன்ல வந்தான். கிடைச்ச காலேஜ் சீட் போச்சு. இப்ப வெல்டிங் பட்டறையில வேலை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். பஸ்ல என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவன் இவன்தான்.

ஒரே ராத்திரி, ஒரே பைக். மூணு பேரையும் பிரிச்சது ரெண்டே விஷயம். ஒண்ணு பிறந்த தேதி. இன்னொண்ணு அப்பாவோட போன்ல இருந்த நம்பர்கள்.

நாலாவதா நான் ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். எங்கப்பாவுக்கும் நாலு பேரைத் தெரியும். நான் ரெண்டாவது ஆள் மாதிரிதான் வெளியே வந்திருப்பேன். இந்தப் பதில் எனக்கே பிடிக்கல.

சட்டத்துல என்ன இருக்கு

"சின்னப் பசங்க மேல கேஸ் போடாம வேற வழி பார்க்கணும்"னு யாராவது சொன்னா, நாம உடனே இது ஏதோ வெளிநாட்டு ஐடியான்னு நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைச்சேன். தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது, இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் நம்ம மெட்ராஸ் மாகாணத்துல 1920-ல வந்தது. சின்ன வயசுல தப்பு செஞ்சவனைப் பெரியவங்க ஜெயிலுக்கு அனுப்பக் கூடாதுங்கற யோசனைக்கு நம்ம ஊர்ல நூறு வயசு தாண்டியாச்சு.

இப்ப நடைமுறையில இருக்கறது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம். 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களை நீதிமன்ற நடவடிக்கைக்குப் போகாமலே கையாளும் வழிகளை ஊக்குவிக்கணும்னு அதோட அடிப்படைக் கொள்கைகள்லயே இருக்கு. 2016-ல மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகுது. கொடுங்குற்றமா இருந்தாலோ, பெரியவங்களோட சேர்ந்து செஞ்சதாச் சொல்லப்பட்டாலோ தவிர, எஃப்.ஐ.ஆர் போடக் கூடாது. ஸ்டேஷன் நாட்குறிப்பில் எழுதி, அந்தப் பையனோட குடும்பப் பின்னணி பற்றி ஒரு அறிக்கை தயார் பண்ணணும்.

குழுமம் என்ன உத்தரவெல்லாம் போடலாம்? அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். கவுன்சலிங், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு, அதிகபட்சம் மூணு வருஷம் சிறப்பு இல்லம். மூணு வருஷம் வரை தண்டனை உள்ள சிறு குற்றம்னா நாலு மாசத்துல விசாரணையை முடிக்கணும், கூட ரெண்டு மாசம் நீட்டிக்கலாம். அப்பவும் முடியலன்னா நடவடிக்கையே முடிவுக்கு வந்துடும். திருட்டு இந்த வகைதான். முதல் ஆள் சில மாசத்துல வெளியே வந்ததுக்குக் காரணம் அவனோட அதிர்ஷ்டம் கிடையாது. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கு.

18 முடிஞ்ச மறுநாள் இதுல எதுவும் இல்ல. நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டலை நினைச்சுப் பாருங்க. ஒரே ரூம்ல ஒருத்தனுக்கு 17 வயசு பதினொரு மாசம், இன்னொருத்தனுக்கு 18 வயசு ஒரு மாசம். ஒரே மெஸ் சாப்பாடு, ஒரே அரியர், ஒரே அறிவு. ஆனா சட்டத்துக்கு ஒருத்தன் குழந்தை, இன்னொருத்தன் முழு ஆம்பளை.

இந்த மலைச்சரிவைச் சட்டம் எழுதினவங்க கவனிக்காம இல்ல. 1958-ல வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தோட 6-வது பிரிவு 21 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்காகவே எழுதப்பட்டது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமா இல்லாதபட்சத்துல, அவங்களை நேரா ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது. நன்னடத்தை அலுவலரோட அறிக்கையை வாங்கிப் பார்க்கணும். அதுக்கப்புறமும் ஜெயில்தான்னா காரணத்தை எழுதி வைக்கணும். அருமையான பிரிவு. ஆனா இது எப்ப வேலை செய்யும்? கேஸ் நடந்து, குற்றவாளின்னு தீர்ப்பு வந்ததுக்கு அப்புறம். அதுலயும் வயசைக் கணக்குப் பார்க்கறது தப்பு செஞ்ச நாளை வெச்சு இல்ல. கோர்ட் அந்த முடிவை எடுக்கற நாளை வெச்சு. என் ஃப்ரெண்டுக்கு இந்த வருஷம் 21 முடிஞ்சது. கேஸ் இழுத்துக்கிட்டே போனதுல, அவனுக்குன்னு இருந்த அந்தப் பாதுகாப்பும் கைநழுவிப் போச்சு. நன்னடத்தையில விடறது இனிமே நீதிபதி விரும்பினா மட்டும்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை ஒரு தண்டனையா சேர்த்திருக்கு. முதல் தடவை திருட்டு, பொருளோட மதிப்பு 5000 ரூபாய்க்குக் கீழே, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாச்சுன்னா சமூக சேவை. நல்ல ஆரம்பம்தான். ஆனா இன்னைக்கு நம்ம பாக்கெட்ல இருக்கற போனே 5000-த்தைத் தாண்டும். இதுவும் தீர்ப்புக்கு அப்புறம் வர்றதுதான்.

தீர்ப்புக்கு முன்னாடி ஓடற வருஷங்கள்தான் உண்மையான தண்டனை. கிரிமினல் கேஸ் நிலுவையில இருந்தா பாஸ்போர்ட்டை மறுக்கலாம், கோர்ட் அனுமதி வாங்கிட்டு வரணும். என் ஃப்ரெண்டோட கனவு போலீஸ் வேலை. தமிழ்நாடு போலீஸ் தேர்வு விதிப்படி, சந்தேகத்தின் பலனை அளிச்சு விடுதலை பண்ணினாகூட, கிரிமினல் கேஸ்ல சம்பந்தப்பட்டவர்னுதான் எடுத்துக்குவாங்க. அரியர் வெச்சவனுக்கு யுனிவர்சிட்டி அடுத்த செமஸ்டர்லயே திரும்ப எழுத சான்ஸ் தருது. பதினெட்டு வயசுல ஒரு ராத்திரி பண்ணின தப்புக்கு ரீ-எக்ஸாம் இல்ல.

பைக் ஓனரை மறந்துட்டோமே

இதுவரைக்கும் பசங்களைப் பத்தியே பேசிட்டேன். அந்த பைக் ஒரு ஸ்பின்னிங் மில் தொழிலாளியோடது. அவருக்கு என்ன கிடைச்சது?

வண்டி வழக்குச் சொத்தாச்சு. ஸ்டேஷன் வாசல்ல வெயில்லயும் மழையிலயும் நின்னுச்சு. அதை எடுக்க அவர் மனு போட்டு, ஆர்.சி புக் காட்டி, உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் நைட் ஷிப்டுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில தொத்திக்கிட்டுப் போனார். கேஸ்ல அவரும் சாட்சி, அதனால சம்மன் வந்தா அவரும் லீவு போடணும். இத்தனைக்கும் திருட்டு வழக்குல பொருளைப் பறிகொடுத்தவர் சமரசம் பண்ணிக்கச் சட்டத்துல இடம் இருக்கு. அதை அவருக்கு யாரும் சொல்லல.

அவரை நான் ஒரு தடவை டீக்கடையில பார்த்தேன். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. "பசங்க வந்து ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோங்க அண்ணேன்னு சொல்லி, பெட்ரோல் போட்டுக் கொடுத்திருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்"னு யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தார். நான் டீயைக் குடிச்சு முடிக்காமலே எழுந்து வந்துட்டேன்.

நியூசிலாந்துல 1989-ல ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க. தப்பு செஞ்ச பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், இளைஞர்களுக்கான போலீஸ் அதிகாரி எல்லாரும் ஒரு ரூம்ல உட்கார்ந்து பேசுவாங்க. மாவோரி மக்களோட குடும்பக் கூடுகை முறையிலிருந்து எடுத்தது. பையன் தப்பை ஒத்துக்கணும். மன்னிப்பு, நஷ்டஈடு, உழைப்பு, படிப்பைத் தொடர்றதுன்னு ஒரு திட்டம் எழுதுவாங்க. அதை அவன் முடிச்சானான்னு ஒருத்தர் பார்ப்பார். அந்த ஊர்ல சின்னச் சின்னக் குற்றங்கள்ல சிக்குற பெரும்பாலான பசங்க கோர்ட் வாசலையே மிதிக்கறது இல்ல.

"இது நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியே இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். அங்கேதான் ஜாக்கிரதையா இருக்கணும். நம்ம பஞ்சாயத்துல யார் நாற்காலியில உட்கார்றாங்க, யார் நிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியும். எந்தச் சாதிக்காரன் கால்ல எந்தச் சாதிப் பையனை விழச் சொல்வாங்கன்னும் தெரியும். ஸ்டேஷன்ல "பேசி முடிக்கிறது" கிட்டத்தட்ட அதே கதைதான். எழுத்துல எதுவும் இருக்காது, கேள்வி கேட்க முடியாது, ஆள் பலம் உள்ளவனுக்குத்தான் கிடைக்கும்.

அதனால நான் சொல்ல வர்ற ஒரே விஷயம் இதுதான். கேஸ் போடாம விடறது நம்ம ஊர்ல தினம் தினம் நடக்குது. செல்வாக்கு உள்ளவன் பிள்ளைக்கு அது எப்பவும் கிடைச்சுட்டு இருக்கு. அதையே எழுத்துல, விதிமுறையோட, பாதிக்கப்பட்டவரை எதிர்ல உட்கார வெச்சு, சத்திரப்பட்டி அம்மாவோட பிள்ளைக்கும் கொடுங்கன்னுதான் கேட்கிறேன்.

நீங்க கேட்கப் போற கேள்விகள்

"அப்ப புனே போர்ஷே கேஸ்?" கரெக்ட்டான கேள்வி. 2024 மே மாசம், 17 வயசுப் பையன் ஓட்டின கார் மோதி ரெண்டு ஐ.டி ஊழியர்கள் செத்துப் போனாங்க. சில மணி நேரத்துல ஜாமீன், விபத்துகளைப் பத்தி 300 வார்த்தையில கட்டுரை எழுதணும்னு நிபந்தனை. நாடே கொதிச்சது, நானும் மீம் போட்டேன். ஆனா அங்கே செத்தவங்க குடும்பத்தை எதிர்ல உட்கார வெச்சு யாரும் பேசல. உயிர் போன ஒரு கேஸை முதல் நாளே ஒரு கட்டுரைக்குள்ள அடக்கப் பார்த்தாங்க. நான் ரெண்டாவது ஆளைப் பத்திச் சொன்னேன் இல்லையா, அந்தக் கதையோட பெரிய சைஸ்தான் அது.

"அப்ப கொடூரமான குற்றங்களுக்கும் மன்னிப்பா?" கிடையாது. 2022-ல நம்ம விருதுநகர்ல ஒரு பெண்ணுக்கு நடந்த கூட்டுப் பாலியல் வன்முறை வழக்குல சிக்கின எட்டுப் பேர்ல நாலு பேர் சிறுவர்கள். 2023-ல நாங்குநேரியில கூடப் படிச்ச மாணவனையே சாதி வெறியில வீடு புகுந்து வெட்டினாங்க. இதையெல்லாம் டேபிள்ல உட்கார்ந்து பேசி முடிக்கச் சொன்னா, முதல்ல நானே எதிர்ப்பேன். பாதிக்கப்பட்டவருக்குப் பயம் இருக்கற இடத்துல "சமரசம்"ங்கற வார்த்தையே ஒரு மிரட்டல். ஆனா அந்த மாதிரிக் கேஸ்களைக் காட்டி, சாவி தொங்கின பைக்கை எடுத்தவனையும் அதே வரிசையில நிக்க வைக்காதீங்க.

"பயம் இல்லாமப் போயிடுமே?" இதுக்குத்தான் எனக்கு ரொம்ப நேரம் பதில் தெரியல. அப்புறம் மூணு பேரையும் திரும்ப நினைச்சுப் பார்த்தேன். எந்த விளைவும் இல்லாமத் தப்பிச்ச ரெண்டாவது ஆள் இன்னைக்கும் அந்த ராத்திரியை ஒரு ஜோக்காச் சொல்வான். அப்பா அம்மா முன்னாடி தலைகுனிஞ்சு உட்கார்ந்த முதல் ஆள் அதைப் பத்திப் பேசவே மாட்டான். சும்மா விடறது வேற, பொறுப்பேற்க வைக்கறது வேற. 2022-ல சென்னையில பைக் சாகசம் பண்ணிச் சிக்கின ஒரு இளைஞரை, அரசு மருத்துவமனையோட விபத்து சிகிச்சைப் பிரிவுல வேலை செய்யணும்னு உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டு அனுப்பினது ஞாபகம் இருக்கா? அடிபட்டு ஸ்ட்ரெச்சர்ல வர்றவங்களைப் பார்த்துக்கிட்டே நிக்கறது லேசான விஷயமா?

என்ன பண்ணலாம்

நான் சட்டம் படிச்சவன் இல்ல. மெக்கானிக்கல். ஆனாலும் மூணு விஷயம் கேட்கத் தோணுது.

ஒண்ணு, 21 வயசுக்குக் கீழே, முதல் தடவை, மூணு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம்னா, குற்றப்பத்திரிகைக்கு முன்னாடியே ஒரு மாற்று வழி இருக்கணும். பையன் தப்பை ஒத்துக்கிட்டு, பாதிக்கப்பட்டவரும் சம்மதிச்சா மட்டும். 21-ங்கற கோட்டை நான் புதுசாப் போடல, 1958-லேயே போட்டு வெச்சிருக்காங்க.

ரெண்டு, அதை நடத்தறது ஸ்டேஷனா இருக்கக் கூடாது. மாஜிஸ்ட்ரேட் மேற்பார்வையில, நன்னடத்தை அலுவலரையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் வெச்சு நடக்கட்டும். யாருக்குக் கொடுத்தாங்க, யாருக்கு மறுத்தாங்கன்னு எழுத்துல இருக்கட்டும்.

மூணு, ஒத்துக்கிட்டதை முடிச்சவனுக்கு அந்தக் கேஸ் அங்கேயே முடியணும். பாஸ்போர்ட்லயும் வேலை விண்ணப்பத்துலயும் அது பேய் மாதிரிப் பின்னாடியே வரக் கூடாது.

இதெல்லாம் நாளைக்கே நடக்காதுன்னு தெரியும். நாளைக்கே நம்மால முடியறது சிலது இருக்கு. நம்ம மாவட்டத்தோட தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் இருக்கு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். காவல்ல இருக்கறவங்க, பெண்கள், குழந்தைகள், எஸ்.சி, எஸ்.டி பிரிவினர், வருமானம் குறைவா உள்ளவங்க எல்லாருக்கும் இலவச வக்கீல் வைக்கணும்னு 1987-லேயே சட்டம் இருக்கு. போன் நம்பர் 15100. அன்னைக்கு இந்த அஞ்சு இலக்க நம்பர் எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்தம்மாவுக்குச் சொல்லியிருப்பேன். நீங்க இப்பவே போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

இன்னொண்ணு. 18 வயசுக்குக் கீழே உள்ள ஒரு பையன் ஏதோ கேஸ்ல சிக்கினா, அவன் போட்டோவையோ பேரையோ ஊடகங்கள்ல வெளியிடறதே குற்றம். ஆறு மாசம் வரை சிறை, ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். கிளாஸ் குரூப்ல ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் நில்லுங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் அவன் எழுந்தான். கவரை ஒரு தடவை திறந்து பேப்பர் எல்லாம் இருக்கான்னு பார்த்துக்கிட்டான். "ரிவ்யூ நல்லாப் பண்ணு மாப்ள"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டான். அடுத்த வாய்தா எப்பன்னு நான் கேட்டு வெச்சுக்கிட்டேன். அன்னைக்கு நானும் கூடப் போறேன். 15100-க்கு போன் பண்ணி, இந்தக் கேஸை சமரசத்துல முடிக்க என்ன பண்ணணும்னு கேட்டிருக்கோம். மில் அண்ணன் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் போறோம். அங்கே அவன் பேசி முடிச்சதும், அன்னைக்கு நானும் அங்கேதான் இருந்தேன் அண்ணேன்னு நான் சொல்லணும்.